புகையில்லாத ஊர்

மருதையனை வண்டியில் ஏற்றுவதைவிட ஒரு மூட்டை நெல்லை ஏற்றிவிடலாம். மூட்டைக்கு வலிக்காது. "மெதுவா ஆயி, மெதுவா" என்று முனகாது. இசைவாணி ஸ்கூட்டியை வாசற்படியோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாமியார் தங்கம்மாள், புருஷனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பின்னால் உட்காரவைப்பாள். அப்புறம் பழைய நாலு முழ வேட்டி ஒன்றை அவர் முதுகைச் சுற்றி மருமகளின் வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து இரண்டு முடிச்சு. முதல் வாரம் ஊர் சிரித்தது. மாமனாரை இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறாள் பார் என்று டீக்கடையில் பேச்சு ஓடியது. இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

திங்கள், புதன், வெள்ளி. வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. புன்னைக்குடியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். மகன் அறிவுச்செல்வன் நெல் அறுக்கும் மெஷினுக்கு டிரைவர். நெல் எங்கே பழுக்கிறதோ அங்கே மெஷினோடு போய்விடுவான். நெல்லூர், ராய்ச்சூர் என்று மாசக்கணக்கில். ஆட்டோவுக்கு வாரம் மூன்று தடவை கொடுத்தால் வீட்டில் உலை ஏறாது. ஆக, மருமகள்தான்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் அவர் குடிக்கக் கூடாது. நாற்பது வருஷம் வாய்க்கால் மடையைத் திறந்து அடைத்த மனுஷன். வீட்டுக்கு எதிரே தண்ணீர் கரை தட்டிக்கொண்டு ஓடும். இவர் கட்டிலில் உட்கார்ந்து சொம்பில் இன்னும் எத்தனை மடக்கு மிச்சம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். நீராகாரம் கிடையாது. இளநீர் கிடையாது. காயைக்கூட வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். அப்படி வடித்துக் கொட்டும்போதெல்லாம் தங்கம்மாள் யாரையாவது திட்டுவாள். ஆள் கிடைக்காவிட்டால் அடுப்பைத் திட்டுவாள்.

ஆவணிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, மருதையன் மயங்கிச் சரிந்தார். இருவரும் வண்டியோடு சாய்ந்தார்கள். ஊசி ஏற்றுவதற்காக நரம்பை இணைத்து ஆபரேஷன் செய்திருந்த இடது கை தரையில் பட்டு, இசைவாணியின் சேலையெல்லாம் ரத்தம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பைக்ல கூட்டிட்டு வராதீங்கம்மா. இன்னொரு தடவை அந்தக் கை அடிபட்டா ஊசி போட இடம் இருக்காது. அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"வேற எதுலங்க கூட்டிகிட்டு வர்றது?"

"பஸ்ல வாங்க."

பஸ்! அந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழாம் நம்பர் டவுன் பஸ் ஒரு காலத்தில் மூன்று நடை வந்துகொண்டிருந்ததுதான். கொரோனாவில் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, பஸ் திரும்பவில்லை. அப்புறம்தான் ஊரில் வீட்டுக்கு வீடு வண்டி முளைத்தது. தவணையில் எடுத்தது, மாமனார் வீட்டில் கொடுத்தது, எவனோ ஓட்டித் தேய்த்ததை வாங்கிப் பெயிண்ட் அடித்தது. காலை எட்டு மணிக்கு அத்தனையும் தஞ்சாவூரைப் பார்த்து வரிசையாகக் கிளம்பும். ஜவுளிக்கடை, ஹோட்டல், லேத் பட்டறை, பெயிண்ட் கடை. ஊரே போய்விட்ட பிறகு தெருவில் பெட்ரோல் வாடை மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.

பஸ் கேட்டு இசைவாணி இரண்டு வருஷமாக மனு எழுதினாள். பி.ஏ. படித்ததற்கு அது ஒன்றுதான் உபயோகப்பட்டது. முதல் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் மேலத்தெரு குணசேகரன். டவுனில் பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவர், தெளிவாகப் பேசக்கூடியவர். "பொம்பளப் புள்ள ஒத்தையா அலையுது, நாமதான் பின்னால நிக்கணும்" என்று சொல்லி நாலு வீட்டில் கையெழுத்து வாங்கியும் கொடுத்தார்.

மனுவுக்கு உயிர் வந்தது தஞ்சாவூரின் புகையால். டவுனுக்குள் தினமும் வந்து போகும் பைக்குகளைக் குறைத்து, காற்றைச் சுத்தம் செய்ய ஒரு திட்டம் வந்திருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு மின்சார பஸ் விடப்போகிறார்கள். எந்த ஊரிலிருந்து வண்டிகள் அதிகமாக வருகின்றனவோ அந்த ஊருக்கு முதலில். கணக்கெடுப்பு நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், இசைவாணி பஸ் வந்துவிட்டதைப் போலவே நினைத்துக்கொண்டாள். எழுபது வண்டி ஓடுகிற ஊருக்குக் கொடுக்காமல் வேறு எந்த ஊருக்குக் கொடுப்பார்கள்?

புரட்டாசியில் பட்டியல் வந்தது. புன்னைக்குடி இல்லை.

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு திட்ட அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்த அலுவலர் அப்சர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"புன்னைக்குடி... இருங்கம்மா. வீடு தொண்ணூத்தி நாலு. டூவீலர் மூணு."

"மூணா?"

"மூணுதான்."

"சார், எங்க தெருவுல மட்டுமே முப்பது நிக்கிது சார்."

"அப்ப கணக்கெடுக்க வந்த பொண்ணுகிட்ட ஏன் சொல்லலை? உங்க வீட்டையே பாருங்க. குடும்பத் தலைவி தங்கம்மாள். வாகனம் இல்லை. டவுனுக்கு எதுல போறீங்கன்னு கேட்டிருக்கு. 'போறதே இல்லை'ன்னு பதில்."

இசைவாணி மடியில் இருந்த ஹெல்மெட்டைத் தூக்கிக் காலடியில் வைத்தாள்.

"பஸ் விட்டா எத்தனை வண்டி கொறையும், எவ்வளவு புகை மிச்சமாகும்னு இதுல கணக்குப் போடுதும்மா. உங்க ஊருக்கு மிச்சம் ஒண்ணுமே வரலை. புகையே விடாத ஊருக்குப் புகையில்லாத பஸ் எதுக்குன்னு மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

சிரிப்பதா, மேசையில் தலையை முட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நெடுநேரம் மன்றாடியதில், அப்சர் ஒரே ஒரு முறை மறு கணக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டார். குறைந்தது நாற்பது வண்டி ஏற வேண்டும். ஆனால் இந்தத் தடவை வாயால் சொன்னால் செல்லாது. ஒவ்வொரு வீட்டின் ரேஷன் கார்டோடு சேர்ந்த போனுக்கும் ஓடிபி வரும். அந்த ஆறு நம்பரையும் சொன்னால்தான் கணக்கில் ஏறும்.

வீட்டுக்கு வந்தபோது தங்கம்மாள் சுரைக்காயை வடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட நம்ம வூட்ல வண்டி இல்லன்னா சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்."

"ஏன் அத்தை?"

"பேனாவும் கையுமா ஒருத்தர் வந்து எது இருக்குன்னு கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லணும். அன்னிக்கி ஒருத்தன் வந்து வூடு எப்படின்னு கேட்டான். சும்மா இருக்காம, சிமிட்டித் தரை போட்டிருக்கம்னு பெருமையா சொன்னேன். வூடு கட்டுற பணம் போச்சா இல்லியா? பக்கத்து வூட்டு சகாயம்மா ஓலைன்னு சொன்னா. இன்னிக்கி மாடியில வத்தல் காயப்போடுறா."

"அவங்க வூடு நெசமாவே ஓலையாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. அதைச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல அவளுக்கு."

"சரி, நம்ம வூடு போவட்டும். ஊரு மொத்தமும் எப்படி ஒரே மாதிரி இல்லன்னு சொன்னுச்சு?"

தங்கம்மாள் சுரைக்காய்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "நான்தான் சொன்னேன். மாசம் ஆயிரம் ரூவா பொம்பளைங்களுக்கு வருது. வண்டி இருக்குன்னு எழுதிட்டா நிறுத்திப்புடுவான்னு தெருத் தெருவாப் போயி சொன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"கார் இருந்தாத்தான் அத்தை கெடையாது. பைக்குக்கு ஒண்ணுமில்ல."

"இன்னிக்கி காரும்பான். நாளைக்கி பைக்கும்பான். நாளான்னிக்கி சைக்கிளும்பான்."

அன்றைக்கு எழுபது வண்டியும் ஆற்றங்கரை மூங்கில் தோப்பில் போய் நின்றதாம். டவுனில் வேலைக்குப் போகிறவன் கூட அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டியை மறைத்திருக்கிறான். கோயில் திருவிழாவுக்கோ மாதா தேருக்கோ கூட ஊர் அவ்வளவு ஒற்றுமையாகச் சேர்ந்ததில்லை. கணக்கெடுக்க வந்த பெண் போகும்போது, 'நல்ல அமைதியான ஊர்' என்று பாராட்டிவிட்டுப் போனாளாம். இசைவாணி அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில், மாமனாரின் ரத்தம் குழாயில் சுற்றி முடிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் எழுதியதை அரை நாளில் துடைத்துவிட்டார்கள். அதுவும் யார்? ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் மாமியார்.

"நீங்க கெடுத்தது என்னைய இல்ல அத்தை. மாமாவை. இன்னொரு தடவை விழுந்தா கையி போயிடும்னு டாக்டர் சொன்னது ஒங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் இப்ப வரைக்கும் வாயத் தொறக்கல."

கட்டிலிலிருந்து மருதையன் சொன்னார்: "அவளத் திட்டாத ஆயி. அந்த ஆயிரத்துலதான் எனக்கு மருந்து வாங்குறா. அதுக்குப் பயந்துகிட்டு சொல்லியிருக்கா."

தங்கம்மாள் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வடித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றாள். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "இப்ப என்னா செய்யணும்? அதைச் சொல்லு" என்றாள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மறு கணக்கெடுப்பு. விடியற்காலையிலிருந்தே தூறல். களையெடுக்கப் போகிற பெண்களைக் கணக்கு முடியும் வரை இசைவாணி வீட்டிலேயே நிறுத்திவைத்திருந்தாள். பழைய பெண்ணேதான் வந்தாள், சான்ட்ரா என்று பெயர். தஞ்சாவூரில் பூக்காரத் தெருப் பக்கம் வீடு. ஊருக்குப் பஸ் இல்லாததால் அவளும் மழைக் கோட்டு போட்டுக்கொண்டு பைக்கில்தான் வந்தாள். வந்ததும் தங்கம்மாளைப் பார்த்து, "அன்னிக்கு வண்டியே இல்லைன்னீங்களேம்மா?" என்று கேட்டாள்.

"பொய் சொன்னேன் பாப்பா. எங்க வூட்ல ஒண்ணு இருக்கு. எழுதிக்க" என்றாள் தங்கம்மாள். ஓடிபி வந்தது. இசைவாணி எழுத்துக்கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முதல் வண்டி ஏறியது.

இரண்டாவது வீட்டிலேயே முட்டிக்கொண்டது. சகாயம்மாள் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வண்டி இருக்குன்னு வேணா சொல்றேன். நம்பரச் சொல்ல மாட்டேன்."

"அக்கா, அதைச் சொன்னாத்தான் ஏறும்."

"ஓடிபிய யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு போனு போட்டாப் போதும், அவனே சொல்றான். அவன் சொல்றதக் கேக்குறதா, நீ சொல்றதக் கேக்குறதா? நம்ம குஞ்சிதபாதத்துக்கு என்னா ஆச்சு? ஆறே நம்பர்தான் சொன்னாரு. நெல்லு போட்ட காசு அம்புட்டும் பேங்க்லேருந்து காணும்."

"அது எவனோ திருடன். இது கவுருமெண்டு."

"ரெண்டு பேரும் போன்லதானே கேக்குறான்?"

சான்ட்ரா தன் கழுத்து அட்டையைக் காட்டினாள். கடைசியில் சகாயம்மாளின் மருமகள் ரோஸ்லின் வந்து, போனைப் பிடுங்கிப் படித்துச் சொன்னாள். ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம் என்றால் நாற்பது வீடு எப்போது முடியும்? அடுத்த வீட்டில் போனில் சார்ஜ் இல்லை. அதற்கடுத்த வீட்டில் நம்பர் மகனோடது, மகன் சிங்கப்பூரில். இன்னொரு வீட்டில் வண்டி எல்லார் கண்ணுக்கும் எதிரே வேப்ப மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கிறது. வீட்டுக்காரி, "அது விருந்தாளி வண்டி" என்கிறாள். விருந்தாளி எங்கே என்றால், குளிக்கப் போயிருக்கிறாராம்.

தங்கம்மாள் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று ஒரே பாட்டைப் பாடினாள். "நான் சொன்னத அன்னிக்கிக் கேட்டீங்கள்ல, இன்னிக்கும் கேளுங்க. ஆயிரம் நின்னா என்னுது நிக்கட்டும் மொதல்ல. எங்க வூட்டத்தான் மொதல்ல எழுதியிருக்கேன்." சிலர் இரங்கினார்கள். சிலர், "பஸ்ஸு ஒங்க வூட்டுக்காரருக்கு. ஆயிரம் போனா எங்க வூட்டுக்கா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அன்றைக்கு வீடு வீடாகப் போய் இவள் விதைத்ததுதான் இது. வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

பன்னிரண்டரை மணிக்கு இருபத்தேழு. மேலத்தெரு பாக்கி. ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கு மெஷின் ஒதுக்கியிருந்தார்கள். இசைவாணி வீட்டுக்கு ஓடினாள். மருதையன் கட்டிலை விட்டு எழவில்லை.

"நீ போயி கணக்கப் பாரு ஆயி. இன்னிக்கி ஒரு நாள் போவாட்டி ஒண்ணும் ஆயிடாது."

அவர் கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுந்தது. பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"யாரக் காப்பாத்தறதுக்கு மாமா இந்த பஸ்ஸு? நீங்க போய்ச் சேந்தப்புறம் ஊர்வலம் விடுறதுக்கா?" கத்திவிட்டாள். கத்திய பிறகு அவளுக்கே அழுகை வந்தது. அவர் கையை நீட்டினார், தூக்கிவிடச் சொல்லி.

வேட்டியை முடிந்துகொண்டே தங்கம்மாள் சொன்னாள்: "நீ கூட்டிகிட்டு போ. மேலத்தெருவ நான் பாத்துக்குறேன். மண்ணுல விழுந்து பொரண்டாவது நாப்பத ஆக்குறேன்."

பதினெட்டு கிலோமீட்டரை இருபத்தைந்து வேகத்தில் போனாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நின்று, காலை ஊன்றி, பள்ளத்தில் இறக்கி ஏற்றினாள். இடது கையை மட்டும் அவர் சட்டைக்குள் விட்டு மார்போடு அணைத்திருந்தார். தூறல் விட்டிருந்தது. டவுன் நெருங்க நெருங்க லாரியும் மினி பஸ்ஸும் மூஞ்சியிலேயே புகையைக் கக்கின. அவள் தோளில் சாய்ந்திருந்த தலை இருமி இருமிக் குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் முடிச்சு அவள் வயிற்றை அறுத்தது.

ஆற்றுப்பாலம் சிக்னலில் சிவப்பு. தொண்ணூறு விநாடி. முன்னும் பின்னும் ஐம்பது அறுபது வண்டிகள், ஒன்றும் இன்ஜினை அணைக்கவில்லை. போன் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் காதோரமாகச் செருகிக்கொண்டாள்.

"வாணி, முப்பத்தெட்டு ஆயிட்டுடி!" தங்கம்மாளுக்கு மூச்சு இரைத்தது. "குஞ்சிதபாதமே சொல்லிட்டாரு. கையெடுத்துக் கும்பிட்டேன், சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டுதான். குணசேகரன் வூடும் அவன் தம்பி வூடும். ரெண்டும் பூட்டிக் கெடக்குது. தம்பிகாரன் போன எடுத்தான், அண்ணன் சொன்னா நானும் சொல்றேங்குறான். அண்ணன்காரன் எடுக்கவே மாட்டேங்குறான். ரெண்டு மணிக்கு கணக்க மூடிடணுமாம் இந்தப் பொண்ணு. மணி ஒண்ணே முக்கா ஆவுதுடி."

"இருங்க அத்தை, போன வச்சிடாதீங்க."

இடதுபுறம், ஒரு ஆட்டோவைத் தாண்டி, குணசேகரன் நின்றுகொண்டிருந்தார். டேங்கின்மேல் இரண்டு பெயிண்ட் வாளி. சின்ன இடுக்கு கிடைத்தது. மாமனாரின் முட்டி எதிலும் இடித்துவிடாமல், காலால் தள்ளித் தள்ளி குணசேகரன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். நாற்பது விநாடி இருந்தது.

"அண்ணே!"

அவர் திரும்பிப் பார்த்து, ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றினார். மருதையனின் முகத்தைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். "என்னம்மா, மாமாவ இந்த நெலமையில கூட்டிகிட்டு வார? ஒரு பஸ்ஸு இருந்தா இந்தக் கஷ்டம் உண்டா நமக்கு?"

"அந்த பஸ்ஸுக்குத்தாண்ணே. ஒங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும். அந்த ஆறு நம்பரச் சொல்லுங்க. ஒங்க தம்பிக்கும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. நாப்பது ஆயிடும். அத்தை லைன்லதான் இருக்காங்க."

அவர் சிக்னலைப் பார்த்தார். இருபத்திரண்டு. இருபத்தொன்று.

"எதுக்கு நம்பரு?"

"வண்டிக் கணக்குக்குண்ணே. வேற ஒண்ணுக்கும் இல்ல. ஆயிரத்த யாரும் தொட மாட்டாங்க. மாமா மேல சத்தியமா சொல்றேன்."

"எந்த வண்டிக்கு?"

"இந்த வண்டிக்குத்தாண்ணே. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுக்கு."

குணசேகரன் ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினார். பெயிண்ட் வாளிகள் கடகடவென்று ஆடின. அவர் இசைவாணியையும் பார்க்கவில்லை, அவள் தோளில் கிடந்த தலையையும் பார்க்கவில்லை. ஏழு, ஆறு, ஐந்து என்று ஓடிய சிவப்பு நம்பரை மட்டும் பார்த்தார். கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"எங்க வூட்ல ஏதும்மா வண்டி?" என்றார்.

பச்சை விழுந்தது. அவர் போய்விட்டார். அவர் விட்ட புகையில் மருதையன் மறுபடியும் இருமத் தொடங்கினார். பின்னாலிருந்து எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

"என்னாடி சொல்றான்? நம்பரச் சொல்றானா?" காதுக்குள் தங்கம்மாள் கத்தினாள்.

"வண்டியே இல்லியாம் அத்தை" என்றாள் இசைவாணி.